ஓட்டக்காரனும் தண்ணீரும்



இது நீண்ட பதிவு. காலைக் காப்பியோடு உட்கார நேரம் இருப்பவர்கள் இப்போதே படியுங்கள். மற்றவர்கள் ராத்திரிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வருகிற ஜனவரியில் சென்னையில் முழு மாரத்தான் ஓடப் பெயர் கொடுத்திருக்கிறேன். 42.195 கிலோமீட்டர். 64 வயதில் இதுதான் முதல் தடவை. வாரத்தில் மூன்று நாள் ஓட்டம், இரண்டு நாள் நீச்சல், மீதி இரண்டு நாள் ஓய்வு என்று ஐந்து மாதமாகப் போய்க்கொண்டிருக்கிறது. "பென்ஷன் வாங்குற வயசுல யாரப் பிடிக்க இந்த ஓட்டம் ஓடுதீய?" என்று கேட்டுக் கேட்டு என் வீட்டம்மாவுக்கே அலுத்துவிட்டது. போன வாரம் நீச்சல் குளத்து வாசலில் பார்த்த பழைய சக ஆசிரியர் ஒருவர் வேறொன்று கேட்டார். "ஓடுறதுக்குப் பேர் கொடுத்துட்டு இங்க வந்து நீச்சல் அடிக்கீங்களே சார்! நீச்சல் அடிச்சா தசை தளர்ந்துரும்னு நம்ம காலத்துல சொல்வாங்களே?"

சொல்வார்கள்தான். ஓட்டக்காரன் நீச்சல் பக்கம் போகக் கூடாது. ஓடும்போது தண்ணீர் குடிக்கக் கூடாது. இரண்டையும் நான் கேட்டு வளர்ந்தவன். பின்னால் ஆசிரியராகி, அவற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவனும்கூட. இரண்டாவதைச் சொல்லிக் கொடுத்ததற்காக இன்றும் எனக்குள் ஒரு குற்ற உணர்ச்சி உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் வரலாறு.

1896-ல் ஏதென்ஸில் நடந்த முதல் நவீன ஒலிம்பிக்கில்தான் மாரத்தான் என்ற பந்தயமே பிறந்தது. மிஷேல் பிரேயால் என்ற பிரெஞ்சு மொழியியல் அறிஞரின் யோசனை அது. மாரத்தான் ஊரிலிருந்து ஏதென்ஸ் அரங்கம் வரை ஏறக்குறைய 40 கிலோமீட்டர். ஏப்ரல் 10-ஆம் தேதி 17 பேர் கிளம்பினார்கள். முன்னால் ஓடிய வெளிநாட்டுக்காரர்கள் பலர் நடுத்தூர ஓட்டத்தில் கெட்டிக்காரர்கள். இவ்வளவு தூரம் ஓடிப் பழகியவர்கள் இல்லை. 800, 1500 மீட்டர் இரண்டிலும் வென்றிருந்த ஆஸ்திரேலியாவின் எட்வின் ஃபிளாக் வழியிலேயே சுருண்டு விழுந்தார். ஜெயித்தவர் மரூசி கிராமத்துத் தண்ணீர் சுமக்கும் தொழிலாளி ஸ்பிரிடோன் லூயிஸ். ஒலிம்பிக்கின் முதல் மாரத்தான் வீரர் தண்ணீர் சுமந்தவர் என்பதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த அறுபது எழுபது வருடம் அந்தப் பந்தயத்தில் எதை ஒளித்து வைத்தார்கள் என்று பார்க்கும்போது உங்களுக்கும் வரும்.

மறுநாள், ஏப்ரல் 11, அதே ஒலிம்பிக்கில் நீச்சல். குளம் கிடையாது. பிரேயஸ் துறைமுகத்தை ஒட்டிய ஜியா விரிகுடாவில், திறந்த கடலில் போட்டி. படகில் ஏற்றிக் கொண்டுபோய்க் கடலில் குதிக்க விட்டார்கள். கரையை நோக்கி நீந்தி வர வேண்டும். 100 மீட்டர், 1200 மீட்டர் இரண்டிலும் ஹங்கேரியின் 18 வயதுப் பையன் ஆல்ஃபிரெட் ஹாயோஷ் வென்றான். சிறுவயதில் தந்தையை டான்யூப் ஆற்றில் பறிகொடுத்தவன். கடல் அன்று விறைக்கிற குளிர். அதைத் தாங்க உடம்பெல்லாம் கெட்டியாகக் கொழுப்பைத் தடவிக்கொண்டு குதித்தான். பிற்பாடு அவரே சொன்னது, ஜெயிக்கிற ஆசையைவிட உயிர் பிழைக்கிற ஆசைதான் அன்று பெரிதாக இருந்ததாம்.

கொழுப்புத் தடவிய சங்கதியை மனதில் வையுங்கள். 1912-ல் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக் மாரத்தானில் போர்ச்சுகலின் ஃபிரான்சிஸ்கோ லாசரோ என்ற தச்சரும் உடம்பில் கொழுப்பைத் தடவிக்கொண்டுதான் ஓடினார் என்று சொல்வார்கள். அவர் தடவியது வெயிலுக்காக. வேர்வை வெளியேற வழியில்லை. கடும் வெயிலில் சுமார் 30 கிலோமீட்டர் தாண்டுவதற்குள் விழுந்தார். மறுநாள் காலை இறந்துபோனார். நவீன ஒலிம்பிக்கில் போட்டியில் நேர்ந்த முதல் சாவு அது.

தண்ணீரில் இருப்பவன் உடம்புச் சூட்டை இழக்கிறான்; அவனுக்குக் கொழுப்பு காவல். ஓடுகிறவன் சூட்டை உண்டாக்கிக்கொண்டே போகிறான். வேர்வைதான் அவனுக்கு வழி, அதை அடைத்தால் எமன். எட்டாம் வகுப்பு அறிவியல் பாடம்தான். ஆனாலும் உலகம் அதைக் கற்றுக்கொள்ள எத்தனை உயிரோடு விளையாடியிருக்கிறது!

1904 செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக்கைப் பற்றிப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆகஸ்ட் 30, பிற்பகல் நேரம், 32 டிகிரி வெயில். பாதையோ மண் சாலை, மேடும் பள்ளமும். அதிகாரிகளும் வைத்தியர்களும் ஏறிய மோட்டார் வண்டிகள் முன்னும் பின்னும் போய்ப் புழுதி கிளப்புகின்றன. 32 பேர் கிளம்பினார்கள், முடித்தவர்கள் 14 பேர். முழுப் பாதையிலும் தண்ணீர் கிடைத்த இடம் இரண்டே இரண்டு. ஆறாவது மைல் அருகே ஒரு தண்ணீர்த் தொட்டி, பன்னிரண்டாவது மைலில் ஒரு கிணறு. மறதியால் நேர்ந்ததல்ல இது. உடம்பில் நீர் வற்றினால் ஓட்டம் என்னவாகிறது என்று பார்க்கும் ஆசை பொறுப்பாளர் ஜேம்ஸ் சலிவனுக்கு இருந்தது. ஓடியவர்களை வைத்தே பரீட்சை.

கலிஃபோர்னியாக்காரர் வில்லியம் கார்சியா புழுதியை விழுங்கி விழுங்கி வயிற்றுக்குள் ரத்தம் கசிந்து சாலையோரம் கிடந்தார். நல்ல வேளை, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ப் பிழைக்க வைத்தார்கள். கியூபாவிலிருந்து வந்த தபால்காரர் ஃபெலிக்ஸ் கார்வஹால், பசி தாங்காமல் வழியில் ஒரு தோப்பில் ஆப்பிள் பறித்துத் தின்று, வயிற்று வலியோடும் நான்காவதாக வந்தார். ஃபிரெட் லோர்ஸ் என்பவர் நடுவில் 11 மைல் மோட்டாரில் ஏறிப்போய், கடைசித் தூரத்தை மட்டும் ஓடி அரங்கத்துக்குள் நுழைந்து கைதட்டல் வாங்கினார். பிறகு குட்டு வெளிப்பட்டது. வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும் கதைகள் இவை.

சிரிக்க முடியாத கதை தாமஸ் ஹிக்ஸுடையது. அவர்தான் முதல் பரிசு. பாதித் தூரம் தாண்டியதும் தண்ணீர் கேட்டுக் கெஞ்சினார். கூட வந்த உதவியாளர்கள் கொடுக்கவில்லை. பஞ்சை நனைத்து வாயைத் துடைத்துவிட்டார்கள். ஆனால் முட்டை வெள்ளைக்கருவில் ஸ்ட்ரிக்னினைக் கலந்து கொடுத்தார்கள், பிறகு பிராந்தியும் கொடுத்தார்கள். ஸ்ட்ரிக்னின் என்பது வேறொன்றுமில்லை, நம்மூர் எட்டி மரத்துக் காயில் இருக்கிற நஞ்சு. அந்தக் காலத்தில் சிறு அளவில் அதை ஊக்க மருந்தாகக் கொடுப்பார்கள். தண்ணீர் கெடுதல், எட்டிக்காய் நல்லது! கடைசியில் இரண்டு பக்கமும் தாங்கிப் பிடிக்க, கால் காற்றில் துழாவ, கோட்டைத் தாண்டினார். 3 மணி 28 நிமிடம். இன்னொரு தடவை அந்த மருந்தைக் கொடுத்திருந்தால் அவர் பிழைத்திருப்பதே கஷ்டம் என்பார்கள்.

இதெல்லாம் அமெரிக்காவில் 1904-ல் நடந்தது என்று கடந்துபோக என்னால் முடியவில்லை.

1988 மாசி மாதம். கோவில்பட்டிப் பக்கம் ஒரு கரிசல் கிராமத்தில் நான் இடைநிலை ஆசிரியர். எங்கள் பள்ளிக்கு உடற்கல்வி ஆசிரியர் கிடையாது. பயிற்சிப் பள்ளியில் ஓடிப் பழகியவன் என்பதால் விசிலை என் கழுத்தில் மாட்டிவிட்டார்கள். ஒன்றிய அளவிலான விளையாட்டு விழாவில் நெடுந்தூர ஓட்டத்துக்கு ஆறு பையன்களைத் தயார் செய்தேன். சாயங்காலம் பள்ளி விட்டதும் கண்மாய்க் கரையைச் சுற்றி நாலு சுற்று. நிழல் என்று ஒரு கருவேல மரம்கூடக் கிடையாது. கரை முடிகிற இடத்தில் ஒரு அடிபம்பு. மூன்றாவது சுற்றில் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் அடிபம்புப் பக்கம் ஒதுங்கினான். நான் விசில் ஊதினேன். "ஏல, ஓடும்போது தண்ணி குடிச்சா குடல் பிடிச்சுக்கிடும். ஓடுல!" என்றேன். ஓடினான். அடுத்த சுற்றில் அதே அடிபம்பு அருகே விழுந்தான். கண் மேலே சொருகியிருந்தது. உடம்பு காய்ச்சலாய்க் கொதித்தது, வேர்வையே இல்லை.

சைக்கிள் கேரியரில் நான் உட்கார்ந்து அவனை மடியில் போட்டுக்கொள்ள, வேறொரு பெரிய பையன் மிதித்தான். நாலு கிலோமீட்டரில் ஆரம்ப சுகாதார நிலையம். தலையில் ஈரத்துணி போட்டுக் குளுக்கோஸ் ஏற்றினார்கள். ராத்திரி எட்டு மணிக்குத்தான் பேசினான். அவன் அம்மா தீப்பெட்டிக் கம்பெனியிலிருந்து ஓடி வந்தார். என்னைத் திட்டுவார் என்று நின்றுகொண்டிருந்தேன். அந்தத் தாய் கையெடுத்துக் கும்பிட்டு, "எம்புள்ள ஒங்களுக்குச் சிரமம் குடுத்துட்டானே சார்" என்றார். முப்பத்தைந்து வருடம் தாண்டிவிட்டது. அந்தக் கும்பிடு இன்னும் என் நெஞ்சை விட்டு இறங்கவில்லை.

அந்த விதி எனக்கு யார் சொன்னது? எனக்குச் சொல்லிக்கொடுத்தவர். அவருக்கு? அவருக்கு முந்தியவர். தேடிப் போனால் உச்சியிலேயே அது இருந்திருக்கிறது. 1953-ல் சர்வதேசத் தடகளச் சம்மேளனத்தின் விதிப்படியே, மாரத்தானில் முதல் 15 கிலோமீட்டர் வரை வீரர்களுக்கு எதுவும் தரக் கூடாது. கையில் கொண்டுபோகவும் கூடாது. அடுத்த வருடமே வான்கூவரில் அதன் விளைவைப் பார்த்தார்கள். அன்று மாரத்தானில் உலகிலேயே அதிவேகமாக ஓடிக்கொண்டிருந்த இங்கிலாந்தின் ஜிம் பீட்டர்ஸ், நல்ல வெயிலில், அடுத்தவரை 17 நிமிடம் பின்தள்ளிவிட்டு அரங்கத்துக்குள் வந்தார். வந்தவர் விழுந்தார், எழுந்தார், மறுபடி விழுந்தார். சுமார் 200 கெஜம் நகர 11 நிமிடம் ஆனது. கோட்டைத் தொடவே இல்லை. அதற்குப் பிறகு அவர் பந்தயம் எதிலும் ஓடவில்லை.

இதே பீட்டர்ஸோடு 1952 ஹெல்சிங்கியில் தன் வாழ்நாளின் முதல் மாரத்தானை ஓடியவர்தான் செக்கோஸ்லோவாக்கியாவின் எமில் சாட்டோபெக். 5000, 10000 மீட்டர் தங்கங்களை வாங்கிய கையோடு, ஓடியே பார்த்திராத தூரத்துக்குப் பெயர் கொடுத்து, நடுவழியில் பீட்டர்ஸிடம் "வேகம் இது போதுமா?" என்று கேட்டுக்கொண்டே ஓடி, அந்தத் தங்கத்தையும் வாங்கினார். முதல் மாரத்தான் ஓடப்போகிற யாரும் அவரை உதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் அவரைப் பற்றி ஒரு கதை உண்டு. வீட்டுத் தொட்டியில் தண்ணீரையும் சோப்பையும் அழுக்குத் துணியையும் போட்டு, அதன்மேல் நின்ற இடத்திலேயே ஓடிப் பயிற்சி எடுப்பாராம். துணியும் வெளுத்தது, காலும் வலுத்தது. தண்ணீருக்குள் ஓடுவது என்பதை இன்று பெரிய மருத்துவமனைகளில் காசு வாங்கிக்கொண்டு சொல்லித்தருகிறார்கள்.

சரி, இந்த மூட நம்பிக்கைகளை உடைத்தவர்கள் யார்? இதைத் தேடும்போதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம் கிடைத்தது. பதக்கம் வாங்கியவர்களைவிட அதிகமாக உடைத்தவர்கள் நோயாளிகள்.

நியூசிலாந்தின் ஆக்லாந்தில் ஆர்தர் லிடியார்ட் என்று ஒருவர். செருப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர், முறையான பயிற்சியாளர் படிப்பு எதுவும் படிக்காதவர். தன் உடம்பையே சோதனைக் களமாக்கி, வாரா வாரம் மலைச்சாலையில் 22 மைல் ஓடிப் பார்த்து ஒரு முறையைக் கண்டுபிடித்தார். நிறைய ஓடு, மெதுவாக ஓடு, பக்கத்தில் ஓடுகிறவனோடு பேச முடிகிற வேகத்தில் ஓடு. 1960 ரோம் ஒலிம்பிக்கில் அவரிடம் பயின்ற பீட்டர் ஸ்னெல்லும் மரே ஹால்பெர்க்கும் ஒரே நாளில் ஆளுக்கொரு தங்கம் வாங்கினார்கள். பிறகுதான் முக்கியமான சங்கதி. மாரடைப்பு வந்து பிழைத்த நடுத்தர வயதுக்காரர்களையும் தொந்தி விழுந்த வியாபாரிகளையும் அதே முறையில் மெல்ல ஓட வைத்தார். மாரடைப்பு வந்தவனைக் கட்டிலை விட்டு இறங்காதே என்று வைத்தியர்கள் சொன்ன காலம் அது! 1962 வாக்கில் ஆக்லாந்தில் இதற்கென ஒரு சங்கமே உண்டானது.

அந்தச் சமயம் அங்கே விருந்தாளியாகப் போனார் அமெரிக்கப் பயிற்சியாளர் பில் பவர்மேன். வயது 50-ஐத் தாண்டியவர். "வாருங்கள், கொஞ்சம் ஓடலாம்" என்று கூட்டிப்போனார்கள். அரை மைலில் மூச்சு வாங்கியது. கூட்டம் முன்னால் போய்விட, ஒரே ஒருவர் மட்டும் அவருக்காக வேகத்தைக் குறைத்து, வழி நெடுகப் பேசிக்கொண்டே வந்தார். அவர் 70-ஐத் தாண்டியவர், மாரடைப்பும் கண்டவர். வெட்கத்தோடு ஊர் திரும்பிய பவர்மேன், ஓர் இதய மருத்துவரோடு சேர்ந்து மெல்லோட்டத்தைப் பற்றிப் புத்தகம் எழுதினார். அமெரிக்கா முழுக்க ஜாகிங் பரவியதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. 1973-ல் டொரண்டோவின் டாக்டர் டெரன்ஸ் கவனா, மாரடைப்பிலிருந்து மீண்ட தன் நோயாளிகள் சிலரைப் பாஸ்டன் மாரத்தானிலேயே ஓட வைத்தார்.

அதே 1973-ல் ஹவாயின் ஹொனலுலுவில் ஒரு மாரத்தான் தொடங்கியது. அதற்குப் பின்னால் இருந்தவர் ஜாக் ஸ்காஃப் என்ற இதய மருத்துவர். அடுத்த வருடம் கபியோலானி பூங்காவில் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் ஒரு பயிற்சி வகுப்பை ஆரம்பித்தார். முதல் மாரத்தான் ஓடப்போகிற சாதாரண ஆட்களுக்கான வகுப்பு. பாடம் ரொம்ப எளிது. பேச்சு தடைபடாத வேகம், வாரம் ஒரு நீண்ட ஓட்டம், மாதக்கணக்கில் பொறுமை, வழியெல்லாம் தண்ணீர். நான் படித்த அத்தனை வகுப்புகளிலும் உட்கார ஆசைப்பட்ட வகுப்பு இதுதான்.

தண்ணீர் விஷயத்தில் ஆராய்ச்சியாளர்களும் இதற்குள் விழித்திருந்தார்கள். 1965-ல் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் ராபர்ட் கேட் என்ற மருத்துவர், அமெரிக்கக் கால்பந்து வீரர்கள் வேர்வையில் இழக்கும் நீரையும் உப்பையும் ஈடுகட்ட ஒரு பானம் தயாரித்தார். 1977-க்குள் மாரத்தான் விதியில் 15 கிலோமீட்டர் 5 ஆகக் குறைந்தது. (பிறகு மறுகோடிக்குப் போய், தாகம் இல்லாமலே குடம் குடமாய்க் குடித்து, ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய்ச் செத்தவர்களும் உண்டு. மனுஷனுக்கு நடுவில் நிற்கவே தெரியாது.)

இனி நண்பரின் நீச்சல் கேள்விக்கு வருகிறேன். அதற்கு ஹொனலுலுவிலிருந்து கடல் தாண்டிக் கலிஃபோர்னியாவின் சான் டியாகோவுக்குப் போக வேண்டும். 1972-ல் அங்கே டேவிட் பெயின் என்ற வக்கீல் தன் 50-ஆவது பிறந்தநாளைக் கொண்டாட வேடிக்கையான ஒரு பந்தயம் வைத்தார். முதலில் நாலரை மைல் ஓட்டம், உடனே கால் மைல் நீச்சல். நாமென்றால் கறிவிருந்து வைத்திருப்போம். அந்தப் பந்தயத்துக்கு வந்தவர்களில் ஒருவர் ஜாக் ஜான்ஸ்டோன். கல்லூரிக் காலத்தில் நீச்சல்காரர். நடுவயதில் எடையைக் குறைக்க ஓட ஆரம்பித்தவர். ஓட்டத்தில் சுமார்தான், ஆனால் தண்ணீரில் இறங்கினால் முந்துவார். அவருக்கு இந்த விளையாட்டு பிடித்துப்போனது இயற்கை. அவரும் டான் ஷானஹன் என்பவரும் சேர்ந்து, ஓட்டம், சைக்கிள், நீச்சல் மூன்றையும் இணைத்து, 1974 செப்டம்பர் 25 அன்று மிஷன் விரிகுடாவில் ஒரு பந்தயம் நடத்தினார்கள். டிரையத்லான் என்று பெயர் வைத்தார்கள். நடத்தியது ஓட்டக்காரர்களின் சங்கம்தான். வட்டத் தடத்தில் சுற்றிச் சுற்றி ஓடும் கடும் பயிற்சிக்கு மாற்றாக ஒரு பொழுதுபோக்கு என்றுதான் நினைத்தார்கள். 46 பேர் வந்தார்கள். கடைசி ஆட்கள் நீந்தி வருவதற்குள் இருட்டிவிட்டது. கார் விளக்குகளைத் தண்ணீர்ப் பக்கம் திருப்பி வெளிச்சம் காட்டினார்கள்.

அந்த 46 பேரில் கடற்படை அதிகாரி ஜான் காலின்ஸும் அவர் மனைவி ஜூடியும் இருந்தார்கள். அடுத்து அவருக்கு மாற்றல் கிடைத்த ஊர் ஹொனலுலு! 1977-ல் ஒரு பரிசளிப்பு விழாவில் வாக்குவாதம். ஓட்டக்காரன் உடம்பு பலமானதா, நீச்சல்காரன் உடம்பு பலமானதா? காலின்ஸ் எழுந்து, சைக்கிள்காரனையும் சேர்த்துக்கொண்டு, அந்தத் தீவில் ஏற்கனவே நடந்துவந்த மூன்று நீண்ட போட்டிகளையும் ஒரே நாளில் ஓட்டிவிடலாம் என்றார். 2.4 மைல் கடல் நீச்சல், 112 மைல் சைக்கிள், கடைசியில் ஹொனலுலு மாரத்தானின் முழுத் தூரம். சபையில் எல்லோரும் சிரித்தார்கள். 1978 பிப்ரவரி 18 அன்று 15 பேர் கடலில் இறங்கினார்கள். 12 பேர் முடித்தார்கள். முடிகிற இடம் டாக்டர் ஸ்காஃப் ஞாயிறுதோறும் வகுப்பு எடுத்த அதே கபியோலானி பூங்கா.

அன்று சைக்கிள் முடிந்து ஓட்டம் தொடங்கியபோது முன்னால் இருந்தவர் ஜான் டன்பார். ஜெயிக்கிற வாய்ப்பு அவருக்கு இருந்தது. ஆனால் மாரத்தான் வழியில் அவருடைய உதவியாளர்களிடம் தண்ணீர் தீர்ந்துபோனது. தண்ணீருக்குப் பதில் பீர் கொடுத்தார்கள்! ஹிக்ஸுக்குப் பிராந்தி கொடுத்து 74 வருடம் கழித்தும். கார்டன் ஹாலர் அவரை முந்தி 11 மணி 46 நிமிடத்தில் முடித்தார். இரண்டே கால் மைலுக்கு மேல் கடலில் நீந்தி, 112 மைல் மிதித்த பிறகு, மாரத்தானை மட்டும் மூன்றரை மணி நேரத்தில் ஓடியிருந்தார். நீச்சல் அடித்தால் ஓட்டக்காரனின் தசை தளர்ந்துவிடும் என்ற பேச்சுக்கு இதைவிட என்ன பதில் வேண்டும்?

என் கதை இத்தனை வீரமானது இல்லை. ஓய்வு பெற்ற பிறகு சர்க்கரை எட்டிப் பார்த்ததால் நடக்க ஆரம்பித்தேன், நடை ஓட்டமானது. போன வருடம் ஆசை மிகுந்து தூரத்தை அவசரமாகக் கூட்டியதில் வலது முழங்கால் வீங்கிவிட்டது. பிசியோதெரபி பார்க்கிற தம்பி, ஆறு வாரம் ஓடாதீர்கள், தண்ணீரில் இறங்குங்கள் என்றார். காரணத்தையும் விளக்கினார். ஓடும்போது ஒவ்வொரு அடிக்கும் உடம்பு எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு பாரம் காலில் விழுகிறது. மாரத்தான் என்றால் ஏறக்குறைய நாற்பதாயிரம் அடிகள். மார்பளவுத் தண்ணீரில் நின்றால் காலில் இறங்குவது எடையில் மூன்றில் ஒரு பங்குதான். நீந்தினால் அதுவும் இல்லை. ஆனால் இதயத்துக்கும் நுரையீரலுக்கும் வேலை குறையாது. 1984-ல் ஜோன் பெனாய்ட்டுக்கு முழங்காலில் அறுவைச் சிகிச்சை நடந்து 17-ஆம் நாள் ஒலிம்பிக் தகுதி மாரத்தான். கால் ஆறும்வரை அவர் கையால் பெடலைச் சுற்றி இதயத்தை வேலை வாங்கிக்கொண்டிருந்தார். தகுதிப் போட்டியிலும் வென்றார், அந்த வருடம்தான் முதன்முதலாக நடந்த பெண்கள் ஒலிம்பிக் மாரத்தானிலும் வென்றார். நீச்சலும் அதே சூத்திரம்தான். காலுக்கு விடுமுறை, இதயத்துக்குப் பள்ளிக்கூடம்.

எனக்குக் குறுக்குத்துறைப் படித்துறையில் சுரைக்குடுக்கை கட்டிக் கற்றுக்கொண்ட நீச்சல். தலையைத் தண்ணீருக்கு மேலே வைத்துக்கொண்டு தவளை மாதிரி அடிப்பேன். ஆற்றை அரை மணி நேரம் அளந்தவன், 25 மீட்டர் குளத்தில் நாலு தடவை போய்வந்ததும் கம்பியைப் பிடித்துத் தொங்கினேன். ஐந்து கிலோமீட்டர் ஓடியும் வாங்காத மூச்சு! பக்கத்துத் தடத்துப் பையன் முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து மூச்சை மெல்ல விடச் சொல்லிக் கொடுத்தான். ஏழாம் வகுப்புப் படிக்கிறானாம். மாணவனே ஆசிரியனான அந்த மூன்று வாரத்தில் நிறையத் தண்ணீர் குடித்தேன். இப்போது நிற்காமல் ஒரு கிலோமீட்டர் வருகிறது. வீக்கம் வடிந்து, ஓட்டத்துக்குத் திரும்பினேன்.

ஒன்றை மட்டும் சொல்லிவிட வேண்டும். நீச்சலை நம்பி ஓட்டத்தைக் குறைத்துவிட்டு மாரத்தானுக்குப் போக முடியாது. எலும்பும் தசைநாரும் தரையில் அடி வாங்கித்தான் உறுதிப்படும்; தண்ணீர் அதைச் செய்யாது. ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டத்துக்கு ஈடு எதுவும் இல்லை. என்னைப் போல மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைப் பார்க்காமல் இறங்கவும் வேண்டாம்.

அந்தப் பையனைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேனே. அவனுக்கு இப்போது ஐம்பது நெருங்குகிறது. திருநெல்வேலியில்தான் வேலை, மூன்று மாரத்தான் ஓடியவன். என்னை இந்தப் பைத்தியத்தில் இழுத்துவிட்டவனும் அவன்தான். ஞாயிறுதோறும் சேர்ந்து ஓடுகிறோம். பேசிக்கொண்டே ஓடும் வேகம்தான், ஆனால் அந்த ஒன்றை மட்டும் இத்தனை நாள் பேசியதில்லை. போன ஞாயிறு, செயின்ட் லூயிஸ் கதையை அவனுக்குச் சொல்லிக்கொண்டே வந்தவன், ஹிக்ஸுக்குத் தண்ணீர் கொடுக்காத இடத்தில் நின்றுவிட்டேன். "கண்மாய்க் கரை நினைப்பிருக்கால?" என்றேன்.

கொஞ்ச தூரம் பேசாமல் வந்தான். "அடிபம்புக் கைப்பிடியைப் பிடிச்சது வரைக்கும் நினைப்பிருக்கு சார். ரெண்டு அடி அடிச்சேன், தண்ணி ஏறல. அதுக்குள்ள நீங்க விசில் ஊதிட்டீங்க."

மன்னிச்சுக்கோப்பா என்றேன். அதற்கு அவன் ஒன்றும் சொல்லவில்லை. இடுப்புப் பட்டையிலிருந்து பாட்டிலை எடுத்து நீட்டினான்.

வருகிற ஞாயிறு 28 கிலோமீட்டர். இதுவரை நான் ஓடியதிலேயே அதுதான் பெரிய தூரம். காலை நாலரைக்குப் பாளையங்கோட்டையிலிருந்து கிளம்பி சீவலப்பேரி சாலையில் போய்த் திரும்புகிறோம். போகும்போது இரண்டு இடத்திலும் திரும்பும்போது மூன்று இடத்திலும் தண்ணீர் வைக்க ஆள் சொல்லியிருக்கிறானாம். திங்கள்கிழமை எனக்குக் குளம்.